பாரிமுனையைப் புதுப்பிக்கும் முன் இங்கே குடியிருப்பவர்களைக் கணக்கெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜார்ஜ் டவுன் குடியிருப்பாளர்,
தம்புச் செட்டி தெருவை ஒட்டிய சந்து,
மண்ணடி, சென்னை – 600 001.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை – 600 003.

பொருள்: பிராட்வே – பாரிமுனை மறுசீரமைப்புத் திட்டம் – உள் தெருக்களில் வசிக்கும் குடும்பங்களைக் கணக்கெடுத்தல் – குடியிருப்பு வீடுகள் குடோன்களாவதைத் தடுத்தல் – பகுதி சபை கூட்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

1987-இல் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தேன். என் கணவர் ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதினார். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள், இங்கேதான் படித்தார்கள். இப்போது பேத்தியும் இங்கேயே வளர்கிறாள். காலையில் காளிகாம்பாள் கோயில் மணிக்கு எழுந்து, சாயங்காலம் மசூதி பாங்குச் சத்தத்துக்கு விளக்கேற்றியே என் காலம் போயிருக்கிறது. வேறு ஊர் எனக்குத் தெரியாது.

பிராட்வே பேருந்து நிலையம், குறளகம் இரண்டும் இருந்த இடத்தில் 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பல அடுக்குப் போக்குவரத்து வளாகம் வருகிறது. வேலை நடக்கும் காலத்துக்கு ராயபுரத்தில் தற்காலிகப் பேருந்து நிலையம். இந்தத் திட்டத்தை எதிர்த்து நான் எழுதவில்லை. வரட்டும், நல்லபடியாக வரட்டும். ஆனால் இதைப் பற்றிச் செய்தித்தாளில் நான் படித்ததெல்லாம் எத்தனை பஸ் நிற்கும், எத்தனை வண்டி நிறுத்தலாம், எத்தனை மாடி கடைகளுக்கு என்பதுதான். இந்தப் பேட்டைக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. பாரிமுனை என்றால் கடை, கோர்ட்டு, பஸ் என்றே எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ராத்திரி ஷட்டர்களை இறக்கிவிட்டு எல்லோரும் போன பிறகு, அதே தெருவில் பாயை விரித்துப் படுக்கிறவர்கள் நாங்கள். எங்களையும் எண்ணிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மனு.

நான் வந்தபோது எங்கள் வீடு ஸ்டோர் வீடு. முன்தெருவிலிருந்து பின்சந்துவரை ரயில்பெட்டி போல நீண்ட வீட்டில் பதினொரு குடித்தனம். நடுவில் முற்றம், முற்றத்தில் அடிபம்பு, விடியற்காலை நாலரை மணிக்குக் குட வரிசை. சண்டை இல்லாத நாள் கிடையாது. ஆனால் என் பெரியவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினொரு வீட்டிலும் மாறி மாறிக் கஞ்சி வந்தது. இன்று அந்த வீட்டில் இரண்டு குடித்தனம்தான் மிச்சம். மற்ற ஒன்பது பகுதியும் குடோன்.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரு குடும்பம் காலி செய்தால் அடுத்த குடும்பம் வருவதில்லை, சரக்குதான் வருகிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குடித்தனக்காரர் தருவதைப்போல மூன்று மடங்கு வாடகை குடோன்காரர் தருகிறார். சரக்கு தண்ணீர் கேட்பதில்லை, கக்கூஸ் அடைத்துக்கொண்டது என்று வந்து வாசலில் நிற்பதில்லை.

எங்கள் தலைக்கு மேல் இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி வரிசையாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டுக் கட்டிய மச்சு. மனிதர்கள் நடக்கவும் படுக்கவும் கட்டியது அது. இப்போது மேலே காகிதக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். சுமைக்காரர் ஒரு கட்டை இறக்கும்போதெல்லாம் என் அடுக்களையில் சுண்ணாம்பு உதிரும். குழம்பு கொதிக்கும்போது தட்டால் மூடிவைக்கும் பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது. போன ஐப்பசி மழையில் ஓர் உத்தரம் நடுவில் விரலளவு தொய்ந்துவிட்டது. சவுக்குக் கழியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கழியைச் சுற்றிச் சுற்றித்தான் பேத்தி விளையாடுகிறாள். அவள் அதைப் பிடித்துச் சுழலும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

பக்கத்துச் சந்தில் நீல பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன. உள்ளே என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, சோப்புக்குத்தான்" என்கிறார் காவலுக்கு இருப்பவர். இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தில் எதிரே ஒரு மீன்பாடி வண்டி வந்தால் ஆட்டோ பின்வாங்கித்தான் ஆக வேண்டும். தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்?

ஆகவே என் முதல் கோரிக்கை கணக்கெடுப்பு. ராயபுரம் மண்டலத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்கள் வரும் கோட்டங்கள் அனைத்திலும் வீடு வீடாக ஆள் அனுப்புங்கள். எந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள், எதில் சரக்கு இருக்கிறது, என்ன சரக்கு, எந்த மாடியில், எந்த உரிமத்தில் என்று எழுதிக்கொண்டு வரட்டும். சொந்த வீட்டுக்காரரை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், ஒட்டுக்குடித்தனம் இருப்பவர்களையும் மச்சுப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் இருப்பவர்களையும் கேட்க வேண்டும். மேல்மாடியில் பாரம் ஏற்றுவதையும், மனிதர்கள் தூங்கும் வீட்டுக்குள் ரசாயனம் வைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். வீட்டைக் குடும்பத்துக்கே வாடகைக்கு விடும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் சலுகை கொடுங்கள். சட்டத்தால் மட்டும் இது நிற்காது, அவருக்கும் நாலு காசு மிஞ்சினால்தான் நிற்கும்.

ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்கிறோம் என்று சொல்வது இது முதல்முறை இல்லை. 1996-இல் கொத்தவால் சாவடி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. அழுகிய கோஸ் வாடை இல்லாமல் விடிந்த முதல் காலை எனக்கு நினைவிருக்கிறது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் கோயம்பேட்டுக்குப் போயின. இரண்டு முறையும் இனிமேல் காலாற நடக்கலாம் என்று நினைத்தோம். காலியான இடத்தில் வண்டிகள் வந்து நின்றன, காலியான வீடுகளில் சரக்கு வந்து உட்கார்ந்தது. இடம் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் யாருடைய பாரம் அதிகமோ அவர்களுக்கே அது போகும். இந்த மூன்றாவது முறை அப்படி ஆகக் கூடாது.

2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது மகளோடு போய்ப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிக்குப் பயப்படாமல் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பேட்டைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று ஆசைதான். ஆனால் இங்கே பூமிக்கு அடியில் இருப்பதை முதலில் பாருங்கள். எங்கள் சந்தில் அழகான சதுரக் கல் பதித்தார்கள். நாலாவது மாதம் வேறு யாரோ வந்து குழாய்க்காகத் தோண்டினார்கள். கல்லை ஓரமாகக் குவித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. அந்தக் குவியலில் தடுக்கி விழுந்த எதிர்வீட்டு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. குழாயில் இன்றைக்கும் முதல் பத்து நிமிஷம் மஞ்சளாகத்தான் வருகிறது. இரண்டு வாளி பிடித்துக் கொட்டிவிட்டு மூன்றாவது வாளியை மோந்து பார்ப்போம். சாக்கடை நாற்றம் இல்லையென்றால் அன்றைக்கு நல்ல நாள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பல தெருக்களில் ஒட்டிக்கொண்டே போகின்றன. அவற்றை மாற்றி முடித்த தெருவில் மட்டுமே கல் பதிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும்.

மண்ணடி மெட்ரோ நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் அது திறந்த பிறகு என் மகளின் வாழ்க்கையே மாறியது. வேலை முடிந்து ஒன்பதரைக்கு நிலையத்தில் இறங்குவாள். நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கும் பத்து நிமிஷம்தான் பயம். கடைகள் மூடியிருக்கும், தெருவிளக்கு ஒன்று எரிந்தால் ஒன்று எரியாது. திருப்பத்தில் ஒரு பூக்கார அம்மா கடைசி முழத்தையும் விற்றுவிட்டுப் போகலாம் என்று பேட்டரி விளக்கோடு உட்கார்ந்திருப்பார். "வந்துட்டியா கண்ணு, போ போ, அம்மா காத்துட்டிருப்பாங்க" என்பார். அந்த விளக்கைக் கண்டால்தான் மகளுக்கு மூச்சு வரும். ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று அவரை எழுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அவர் வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் நிலைய வாசல்வரை போய் மகளை அழைத்துவந்தேன்.

நடைபாதையை அடைத்துக் கடை போடுவதை நான் சரி என்று சொல்லவில்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் கைத்தடி ஊன்றி நடக்கிறவர் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ், அதற்குப் பிறகுதான் இடமாற்றம். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்த முறைப்படி நடத்துங்கள். புதிய வளாகத்தின் தரைத்தளத்தில், மேல்மாடியில் அல்ல, இங்கே ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பூ, பழம், டிபன் கடைக்காரர்களுக்கு இடம் குறித்துவையுங்கள்.

இந்தப் பேட்டையின் பிளாட்பாரத்திலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆண்கள் சுமை தூக்குகிறார்கள், பெண்கள் பூ கட்டுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். இவர்களுக்கு வீடு கொடுப்பது என்றால் இதுவரை கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்றே பழகிவிட்டது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் விடியற்காலை மூன்று மணிக்குப் பத்ரியன் தெருவில் பூ மூட்டை இறக்க யாரால் வர முடியும்? பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும்? ராயபுரம் மண்டலத்துக்குள்ளேயே அரசு இடம் இருக்கிறது. அங்கே கட்டிக் கொடுங்கள்.

ஏற்றி இறக்கும் நேரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்து மணிவரையிலும், பள்ளி தொடங்கும், விடும் நேரங்களிலும் குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டிகளும் லாரிகளும் உள் சந்துகளுக்குள் வரக்கூடாது. முடியாது என்பார்கள். புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிப் பெருமாளுக்குக் கொண்டுபோகும் குடை ஊர்வலம் புறப்பட்டு யானைக்கவுனி தாண்டும் நாளில் தாங்கள் இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தொங்கும் கேபிளை உயர்த்திக் கட்டுகிறார்கள், பள்ளத்தை மூடுகிறார்கள், ஒரு வண்டி குறுக்கே நிற்பதில்லை. கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் முழு அகலத்தையும் அன்றுதான் பார்க்கிறோம். குடைக்கு வழிவிட்டு ஒதுங்கும் அதே கடைக்காரர்கள் நேரம் குறித்துச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒதுங்குவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் கணவருக்குச் சோறு போட்டது அவர்கள் கல்லாதான்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 2008-இல் கொண்டுவந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த திட்டத்துக்கு மாநகராட்சி கொடுக்கும் குறிப்பில், ஜார்ஜ் டவுன் உள் சந்துகள் மக்கள் வசிக்கும் இடங்கள் என்ற ஒரு வரியை அழுத்தமாக எழுத வேண்டுகிறேன். நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் எங்கள் வீடு வராது, வர வேண்டாம். ஆனால் உத்தரம் மாற்றத் தெரிந்த கொத்தனாரும் தச்சரும் கிடைக்கவும், அதற்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கவும் மாநகராட்சி வழிசெய்தால் பாதி வீடுகள் இடிபடாமல் தப்பும்.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபை நகரங்களில் முதன்முறையாகக் கூடியபோது நிறைய எதிர்பார்த்தோம். பிராட்வே வளாகத்துக்கென்றே எங்கள் கோட்டங்களில் பகுதி சபையைக் கூட்டி, வரைபடத்தைத் தமிழில் விளக்கி, வார்டு அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டிவைக்க உத்தரவிட வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அன்றைக்குத்தான் தெரு எங்களுடையது. பிள்ளைகள் மூடிய ஷட்டரில் கரிக்கோடு போட்டு ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடுவார்கள். பெரியவர்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காருவோம். எல்லோரும் வருவார்கள்.

அதற்கு முன் ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணி வாக்கில், தாங்கள் மண்ணடி நிலையத்தில் இறங்கி எங்கள் சந்துவரை நடந்தே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி வேண்டாம். வீட்டுக்கு வந்தால் அந்தச் சவுக்குக் கழியையும், மேலே இருக்கும் பாரத்தையும் நேரில் காட்டுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜார்ஜ் டவுன் குடியிருப்பாளர்

இடம்: சென்னை – 1

இணைப்பு: வீட்டு உத்தரத்தின் புகைப்படங்கள் இரண்டு, சந்தில் குவிந்திருக்கும் கற்களின் புகைப்படம் ஒன்று.