பக்கத்துக் கட்டில் மக்சிக்குக்கும், உங்கள் எல்லோருக்கும்

பினாங்கு ரோடு புனித சவேரியார் ஆலயப் பங்கு மக்களுக்கும், எங்கள் அன்பியத்தாருக்கும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு), அடுக்குமாடியில் எங்களைச் சுற்றியிருக்கும் குடும்பங்களுக்கும்,

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் போட்டிருக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டு, காற்றாடி வேகமாகச் சுற்றுகிறது, குறை என்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு குறை கேட்க நாங்கள் எவ்வளவு ஏங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. எழுதவும் வேண்டியதில்லை, நீங்கள் கூடவே இருந்தீர்கள். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. அம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய் அப்பாவின் மூச்சைப் பார்க்கிறார். மனசு அடங்கட்டும், நிதானமாக எழுதலாம் என்று தம்பி சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் மொத்தமாகவே சொல்கிறேன். நள்ளிரவில் அழைத்ததும் எண்ணெயோடு வந்து அப்பாவுக்கு நோயில்பூசுதல் அருளடையாளம் கொடுத்த ஃபாதருக்கு நன்றி. ஒரே குறுஞ்செய்தியில் இரத்தம் கொடுக்க வரிசையில் போய் நின்ற இளையோருக்கும், நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காத மிஸ்ஸிமாருக்கும் (தாதியருக்கும்), பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து அம்மாவோடு தங்கிய சின்னம்மாவுக்கும் நன்றி. கீழ்மாடியில் இருக்கும் சீன அங்கிள் நாங்கள் கேட்காமலே எங்கள் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அன்பிய அக்காமார் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மாரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்த மடலில் பாதிக்கு மேல், இதை வாசிக்கவே முடியாத ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது.

அந்த மோசமான இரவு என்றால் உங்களுக்குப் புரியும். கொண்டுபோயிருந்த கைலி எல்லாம் அழுக்காகிவிட்டது. தம்பி மாற்றுத் துணியோடு வர விடிய வேண்டும். மிஸ்ஸி இரண்டு பேர்தான், அவர்களும் கடைசிக் கட்டில் நோயாளியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, கூச்சத்தில் மூடியிருந்தார். வாழ்நாள் முழுக்க தன் சட்டையைத் தானே இஸ்திரிப் பெட்டி போட்ட மனிதர் அவர். மகள் முன்னால் அப்படிக் கிடப்பது அவருக்கு வலியைவிடப் பெரிய வேதனை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பாலிக் புலாவ் என்ற ஊர்ப் பக்கத்துக் குடும்பம். துணைக்கு அவருடைய மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள். அந்த அம்மாவை நான் மக்சிக் என்றுதான் கூப்பிட்டேன், மலாயில் வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் கேட்கிற நேரமா அது? அவர் எழுந்தார், தன் பையைத் திறந்தார், மடித்துப் பெட்டி போட்ட நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அது அவர் கணவருக்கென்று கொண்டுவந்தது. மகனைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பையன் என் அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நான் உடம்பைத் துடைத்து, கைலியை மாற்றிவிட்டேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மக்சிக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த அழுக்குத் துணியை எடுத்தார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "தாக் அபா", பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு என் கையை மெல்ல விலக்கினார். குளியலறையில் குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. எல்லாவற்றையும் அலசிப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து வைத்தார். அப்பாவின் செபமாலை கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்து எடுத்து, தூடோங் என்ற தன் தலைத்துணியின் நுனியால் துடைத்து, அவர் வலக்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து முஸ்லிம்கள் செபிக்கும் தஸ்பே மணியை எடுத்து என்னிடம் காட்டினார், தனக்கும் உண்டு என்பதுபோல. திரும்பிப் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நன்றாக இருக்கும் ஒருவர் வந்து இதைச் செய்திருந்தால்கூட நான் காலத்துக்கும் மறக்க மாட்டேன். அவரோ தன் கணவர் பிழைப்பாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர். அந்த வார்டிலேயே ஓய்வு மிகக் குறைந்தவர் அவர்தான்.

அந்த வாரம் கிறிஸ்து அரசர் பெருவிழா. நவம்பர் 23. என்னால் பூசைக்குப் போக முடியவில்லை. தம்பி வந்து கட்டில் ஓரத்தில் நின்று கைப்பேசியைப் பார்த்து அன்றைய நற்செய்தியை மெதுவாக வாசித்தான். லூக்கா 23ஆம் அதிகாரம். சிலுவையில் தொங்குகிற இயேசுவைத் தலைவர்கள் கேலி செய்கிறார்கள், பிறரைக் காப்பாற்றியவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்கிறார்கள். படைவீரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். தலைக்கு மேலே யூதரின் அரசன் என்று எழுதியிருக்கிறது. கை கால் சுகமாக நின்றிருந்த யாருக்கும் அவர் அரசராகத் தெரியவில்லை. பக்கத்துச் சிலுவையில் அதே வேதனையில் தொங்கிக்கொண்டிருந்த குற்றவாளி ஒருவன்தான், உமது ஆட்சி வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். தம்பி வாசித்து முடிக்கும்போது நான் பக்கத்துக் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த விழாவுக்கு 2025ஆம் ஆண்டோடு நூறு வயது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925 டிசம்பரில் இதை ஏற்படுத்தினார். முதல் உலகப் போரில் ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேரரசர்கள் வீழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ரோமாபுரியிலேயே முசோலினி முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஆட்சிக்கும் மேலே ஓர் ஆட்சி இருக்கிறது என்று அப்போது திருச்சபை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நாமும் அரசர் என்றால் என்ன என்று அறிந்த நாட்டில்தான் இருக்கிறோம். இங்கே மலேசியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மாமன்னர் அரியணை ஏறுகிறார், ஆலயத்தில் அவருக்காக மன்றாடுகிறோம், அதுவே சரி. ஆனால் நம் ஆண்டவரின் அரசு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

சாமுவேல் முதல் நூலில் மக்கள் எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். வயதான சாமுவேல் எச்சரிக்கிறார்: உங்கள் மகன்களைத் தேரோட்ட எடுத்துக்கொள்வான், மகள்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான், மந்தையில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான். அப்படியொரு அரசரை எதிர்பார்த்திருந்த உலகத்துக்கு மத்தேயு 25இல் வருகிற அரசர் எவ்வளவு வேறு! பசித்தேன், தாகமாயிருந்தேன், உடுத்த இல்லாமல் இருந்தேன், நோயாய்க் கிடந்தேன் என்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாய் தண்ணீர், ஒரு துணி.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சொல்லும்போதெல்லாம் என்னைக் கொடுக்கிறவர்கள் வரிசையில்தான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பம் அந்த வரிசையில்தான் இருந்தது. இந்த முறை நாங்கள் வாங்கிக்கொள்ளும் பக்கம் கிடந்தோம். உடுத்த இல்லாமல் இருந்தவர் என் அப்பா. உடுத்தியவர் மக்சிக். அரசர் இருந்த இடம் அந்தக் கட்டில். இன்னொன்றும் இருக்கிறது. நீதிமான்கள் அரசரிடம், ஆண்டவரே, உம்மை எப்போது அப்படிப் பார்த்தோம் என்று கேட்கிறார்களே, மக்சிக்கிடம் போய் இதைச் சொன்னால் அவரும் அப்படித்தான் திகைப்பார். அவர் பார்த்தது ஒரு கிழவரையும் அழுதுகொண்டிருந்த ஒரு மகளையும்தான்.

இப்போது வின்சென்ட் தே பவுல் அண்ணன்மார். அவர்கள் அரிசிப் பையும் மைலோவும் கொண்டுவந்த அன்று நான் வீட்டில் இல்லை. அம்மா சொன்னார். வழக்கம்போல் இரண்டு பேராக வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள். அம்மாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்டார்கள், அப்பாவின் பழைய துறைமுகக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். புறப்படும்போதுதான் பையைச் சமையலறை வாசலில் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அம்மா நிம்மதியாகத் தூங்கினார். 1833இல் பாரிஸில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு இந்தச் சபையைத் தொடங்கியபோதும், ஏழைகளின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் கைக்கொண்ட வழி. ஏன் அப்படி என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

மேடை போட்டு, பதாகை கட்டி, அரிசி மூட்டையோடு ஏழைகளை நிற்க வைத்துப் படம் எடுக்கும் நிகழ்ச்சிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செய்கிறவர்கள் மனம் நல்ல மனமாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் இடத்தில் ஒரு வாரம் இருந்தவள் சொல்கிறேன், முகத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் அந்த அரிசி தொண்டையில் இறங்காது. இயேசுவின் கடைசி இராவுணவின்போது சீடர்கள் யார் பெரியவர் என்று வாதாடுகிறார்கள். அப்போது இயேசு சொல்கிறார்: பிற இனத்து அரசர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், அதிகாரம் செலுத்துகிறவர்களுக்குக் கொடையாளி என்று பட்டம் வேறு; நீங்கள் அப்படி இருக்காதீர்கள். கொடுப்பதிலும் ஓர் ஆட்சி ஒளிந்திருக்கிறது என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார். அந்த வார்டில் மக்சிக் என்னைவிட ஒரு விரல்கூட உயரத்தில் நிற்கவில்லை.

அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நாட்களில்தான் நவம்பர் 17, ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் திருநாள் வந்துபோனது. அரசரின் மகள். முட்கிரீடம் அணிந்த ஆண்டவர் முன்னால் பொற்கிரீடம் அணிந்து நிற்க மாட்டேன் என்று அதைக் கழற்றி வைத்தாராம். கணவர் இறந்தபின் மார்பர்க் நகரில் மருத்துவமனை கட்டி, நோயாளிகளைத் தன் கையாலேயே கழுவிப் பராமரித்தார். 1231இல் இறந்தபோது வயது 24தான். சின்ன வயதில் புனிதர்கள் படப் புத்தகத்தில் மடி நிறைய ரோஜாவோடு அவரைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் அவரை நினைத்தால் எனக்குக் குளியலறைக் குழாய்ச் சத்தம்தான் கேட்கும்.

ஒவ்வொரு ஜூலையும் அப்பாவோடு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஆண்டவர் சித்தமானால் அடுத்த ஆண்டும் போவோம். ஆனால் என் நேர்த்திக்கடன் வேறு. அப்பா கொஞ்சம் தேறியதும் வாரம் ஒரு மாலை, துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளிடம் போய் உட்காரப் போகிறேன். பையில் துவைத்த கைலி இரண்டு, துண்டு ஒன்று, சோப்பு ஒன்று. எந்த இனம், எந்த மதம் என்று பார்க்கப் போவதில்லை. இதை எல்லோர் முன்னாலும் எழுதுவது, நான் தளர்ந்தால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். கூட வர விரும்பும் அக்கா தங்கைமார் சொல்லுங்கள்.

மக்சிக்கின் கணவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில். அந்தக் கைலி எங்களிடமே இருக்கிறது. அப்பா அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார், உடுத்தவும் கேட்கிறார். அந்தப் பெரியவர் சுகம் பெற உங்கள் மன்றாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன, ஆண்டவருக்குத் தெரியும்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். இனிப்பும் பழச்சாறும் வேண்டாம், டாக்டர் தடுத்திருக்கிறார். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேளுங்கள், இடையில் எடுத்துக்கொடுத்தால் கோபப்படுகிறார். செவ்வாய் இரவு எங்கள் வீட்டில் நன்றிச் செபமாலை. கஞ்சிப் பாத்திரங்களையெல்லாம் கழுவி மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறேன், அன்று வரும்போது அவரவர் பாத்திரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் மறைக்கல்வி டீச்சர்