திராட்சைத் தோட்டத்தை வாழை என்று பதிவு செய்தது பற்றிய புகார்

அனுப்புநர்: திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, சொட்டுநீர்ப் பாசன நிறுவனம்.

ஐயா,

சென்ற ஆண்டு என் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு உங்கள் நிறுவனம் சொட்டுநீர் போட்டது. எனக்கு 5 ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பதால் 75 சதவீத மானியம்தான். மீதிப் பணத்தை உங்களுக்குத்தான் கட்டினேன். சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் வாங்கிக்கொண்டு, நிலத்தை அளந்து, தோட்டக்கலைத் துறையின் நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் ஏற்றியவர் உங்கள் பிரதிநிதி.

பந்தல் மானியம் கேட்டு தோட்டக்கலை அலுவலகம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. என் சர்வே எண்ணில் பயிர் 'வாழை', வரிசை இடைவெளி 6 அடி என்று இருக்கிறது. என் தோட்டத்தில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் முழுக்கக் கொடி ஏறி நிற்கிறது. வரிசைக்கு வரிசை 10 அடி. வரிசையோடு போய்த் தண்ணீர் சொட்டும் லேட்டரல் குழாயும் 10 அடிக்கு ஒன்றுதான் ஓடுகிறது.

கேட்டால், டைப் பண்ணும்போது மாறிவிட்டதாம். "தண்ணி சொட்டுதுல்ல, அப்புறம் என்னண்ணே?" என்கிறார் பிரதிநிதி. இடைவெளி குறையக் குறைய ஏக்கருக்குக் குழாயும் கூடும், மானியத் தொகையும் கூடும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 6 அடிக்குப் பில் போட்டு 10 அடிக்குக் குழாய் இறக்கியிருந்தால், அதற்குப் பெயர் வேறு. பில் நகலைக் கேட்டும் இதுவரை தரவில்லை.

அடங்கலில் திராட்சை, உங்கள் பதிவில் வாழை. எதை நம்புவது என்று என் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அறுவடை நேரத்து மழையில் பழம் வெடித்து, நிவாரணம் கேட்டுப் போய் நின்றாலும் இதே கேள்விதான் வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பதிவை நம்பினால் என் தோட்டத்தில் ஒரு கொடிகூட இல்லை! அதே நிலத்துக்கு மறுபடி சொட்டுநீர் மானியம் கேட்க 7 ஆண்டு ஆக வேண்டும் என்பதால், புதிதாகப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை.

எனவே தோட்டக்கலை அலுவலரை வைத்துக்கொண்டு மறுபடி அளந்து, பதிவைத் திருத்தித் தாருங்கள். பில், வடிவமைப்பு வரைபடம் இரண்டின் நகலும் வேண்டும். பில்லில் இருக்கும் குழாய் நிலத்தில் இல்லையென்றால், என் பங்கை எனக்கும் அரசின் பங்கை அரசுக்கும் திருப்பிக் கட்டுங்கள். 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் இதே ஆள்தான் பதிவு போட்டார். அவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: அடங்கல் நகல், தோட்டத்தின் புகைப்படங்கள், பணம் கட்டிய ரசீது.