கார்த்திக்கு, கம்ப்யூட்டர் சூடு பற்றி

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். 99 டிகிரி. உன் ஐ5 பிராசஸர் எரிந்துவிடுமோ என்று பயப்படாதே, 100-ஐத் தொட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் பட்டென்று அணைந்துவிடும், வீடியோ ரெண்டர் பாதியில் நிற்பது அதனால்தான். மூலையில் மணி 3:20 என்று இருக்கிறது. பகல் இல்லை என்று தெரிகிறது. சரி, அதை விடு.

முதலில் ஒன்று கவனி. ரெண்டர் ஆரம்பித்த சில விநாடியிலேயே 95-க்குப் பாய்கிறதா, இல்லை பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறுகிறதா? மெல்ல ஏறினால் தூசி, காற்றோட்டம், அறைச் சூடு என்று தேடலாம். உடனே பாய்ந்தால், சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலர் பிராசஸர் மேல் சரியாக உட்காரவில்லை. பழைய வீட்டில் நன்றாக இருந்தது, இங்கே வந்த பிறகுதான் இப்படி என்று எழுதியிருக்கிறாயே, அதனால் எனக்கு இதுதான் என்று படுகிறது. பிராசஸரோடு டப்பாவில் வரும் அந்தக் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, குட்டியானையில் குலுங்கி வந்தால் ஒன்று கழன்றிருக்கும். திருவல்லிக்கேணிக் கடையை மாற்றியபோதும் இதே கதைதானே. பத்தாவது படித்துக்கொண்டிருந்த நீதான் உள்ளே கைவிட்டு டக்கென்று அழுத்தினாய், பத்திரிகை அடிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்த பிறகு என்கிறாய். எப்போது வந்தாய், சாமானை யார் ஏற்றினார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா வந்து ஒரு பக்கம் பிடித்திருப்பார். வித்யா நேற்று பேசினாள், சாதாரணமாகத்தான் பேசினாள், என் முட்டிவலியை விசாரித்தாள், நீ எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பின்னைப் பார். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு அப்புறம் திற. நான்கு மூலையையும் லேசாக அசைத்துப் பார், ஆடுகிற மூலைதான் குற்றவாளி. அவசரத்தில் அதை மட்டும் அழுத்தி மூடிவிடாதே. கூலர் தூக்கிக்கொண்டிருந்தால் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் விட்டிருக்கும். முழுக்கக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுசாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும், தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விடாதே. பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்து, ஒவ்வொன்றும் டக்கென்று சொல்ல வேண்டும். ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் மறக்காமல் செருகு.

தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், காற்றுக்குத் தாறுமாறாகச் சுற்றவிடாதே. போட்டோவில் கம்ப்யூட்டர் டப்பா தரையில் பாய்க்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேபிள்கூட இல்லையா? சூடான காற்று பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும், கொஞ்சம் தள்ளி வை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்று வேறு எழுதியிருக்கிறாய். கத்திரியில் அறையே 38 இருந்தால் பிராசஸர் அதற்குக் கீழே இறங்காது, மனுஷனும் அப்படித்தான். ஏசி இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது, தெரியும்.

சரிசெய்யும்வரை விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக்கு, பிராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும், ரெண்டருக்கு நேரம் கூடும், சூடு இறங்கும். நேரம் கூடினால் நீ முழித்திருக்காதே, ஓடவிட்டுப் படு. பின்னைப் பார். திருநின்றவூர்க்காரர்கள் சொன்னது எதையும் நான் இதில் எழுதப் போவதில்லை. எழுபதாயிரம் போட்டு நீயே உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த மெஷின், அந்த அக்கறையில் பாதியாவது, சரி, வேண்டாம்.

கடையில் யாரிடமும் கொடுக்காதே, பேஸ்ட்டும் ஆல்கஹாலும் சனிக்கிழமை ரிச்சி தெருவில் நானே வாங்குகிறேன். எங்கே கொண்டுவந்து தருவது என்று மட்டும் எழுது. ஓஎம்ஆர் பக்கம் என்றால் எப்படி, தெரு, வீட்டு நம்பர், எத்தனாவது மாடி எல்லாம் வேண்டும். அப்பா வண்டியில் வருவார். மேலே ஏற மாட்டார், கீழேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அம்மா