டிடிஎஸ் நம்பர மட்டும் பாத்து ஆர்ஓ வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தண்ணிய சுத்தம் பண்ற வீட்டு ஆர்ஓ மெஷின் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா ஓரத்துல கட்டம் கட்டி டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு, தாது எல்லாம் சேத்து எத்தனை மில்லிகிராம்ங்கற கணக்கு) 50க்கு கீழ இருந்தா பாதுகாப்பான தண்ணின்னு போட்டிருந்தீங்களே, அத பாத்ததுல இருந்து எனக்கு மனசு கேக்கல. இந்த ஒரு வரிய நம்பித்தான் நாங்களும் ஏமாந்தோம்.

எங்க வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் ரெண்டு டம்ளர் வெச்சாரு, ஒண்ணுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணி. கம்பி கம்பியா நீட்டிட்டு இருக்குற ஒரு கருவிய ரெண்டுலயும் விட்டு ஸ்விட்ச போட்டாரு. கொஞ்ச நேரத்துலயே எங்க தண்ணி மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, சேறு மாதிரி திரிதிரியா மேல மெதக்க ஆரம்பிச்சுது, அவரோட தண்ணி அப்படியே தெளிவா நின்னுது. "இதத்தாம்மா உங்க வீட்டு புள்ளைங்க தெனமும் குடிக்குதுங்க"ன்னாரு. எங்க அம்மாவுக்கு முகமே வாடிப் போச்சு. அன்னைக்கே ஆர்டர் குடுத்துட்டோம்.

அந்தப் பழுப்பு தண்ணியில இருந்து வந்ததே கெடையாதுங்க, அது அந்தக் கம்பியில இருந்து வந்த துரு. தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தா கரண்ட் பாயும், கரண்ட் பாஞ்சா இரும்புக் கம்பி கரையும், ஆர்ஓ தண்ணியில உப்பு ரொம்ப கம்மிங்கறதால கரண்ட் சரியா பாயல, அவ்ளோதான் விஷயம். அவரோட டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தா அதுவும் சேறாகியிருக்கும். படிக்காதவங்க, படிச்சவங்க, எல்லாரையும் இத வெச்சே பயமுறுத்தி வித்துட்டு இருக்காங்க.

டிடிஎஸ் மீட்டரும் கரண்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்துத்தான் ஒரு நம்பர் காட்டுது. கால்சியம், மெக்னீசியம் மாதிரி ஒடம்புக்கு வேண்டியதும் அந்த நம்பர்லதான் இருக்கு, ஆனா கிருமி இருந்தா அதுல தெரியவே தெரியாது. ஆர்சனிக்க எடுத்துக்கோங்க, உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், நம்ம கையில இருக்குற மீட்டர் காட்டுற சின்ன அளவே 1 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு பெருசு, அப்போ அந்த மீட்டர்ல ஆர்சனிக் எப்படி தெரியும்? 40 காட்டுற தண்ணி கெட்டதா இருக்கலாம், 400 காட்டுற தண்ணி நல்லதா இருக்கலாம். 600க்கு கீழ இருந்தா பொதுவா குடிக்க நல்லா இருக்கும்னு அதே நிறுவனம் சொல்லுது, அதுவும் ருசிய பத்தி சொன்னது.

ஆர்ஓவே வேண்டாம்னு நான் சொல்லல. 1960ஐ ஒட்டி அமெரிக்காவுல லோப், சௌரிராஜன்னு ரெண்டு பேர் கடல் தண்ணிய குடிதண்ணியாக்க ஒரு மெம்ப்ரேன் (உப்ப தடுத்து தண்ணிய விடுற மெல்லிசான சவ்வு) கண்டுபிடிச்சாங்க, அந்த வழியில வந்த மெஷின்தான் இது, பெரிய விஷயம். நிலத்தடி தண்ணியில ஃபுளோரைடோ நைட்ரேட்டோ ஆர்சனிக்கோ இருந்தா கொதிக்க வெச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும், அங்கெல்லாம் ஆர்ஓ கண்டிப்பா வேணும். ஆனா கிருமிதான் பிரச்சனைன்னா கொதிக்க வெச்சாலோ யூவி (கிருமிய கொல்ற புற ஊதா வெளிச்சம்) போட்டாலோ போதுமே.

இன்னொன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. எங்க தண்ணியோட டிடிஎஸ் 280, மெஷின்ல இருந்து வந்தது 20. தண்ணி சப்புன்னு இருக்குன்னு சொன்னதுக்கு சர்வீஸ்காரர் பின்னாடி ஒரு சின்ன ஸ்க்ரூவ திருகி 120 ஆக்கி "மினரல் செட் பண்ணிட்டேன்"ன்னாரு. மினரல் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், பதில் இல்ல. மெம்ப்ரேன் வழியா போகாத தண்ணிய அப்படியே கலக்குறாங்க! கணக்கு போட்டா பத்து டம்ளர்ல கிட்டத்தட்ட நாலு டம்ளர் அந்த மாதிரி தண்ணி. அது யூவியில போய் கிருமி செத்தாலும் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ இருந்தா அப்படியே வரும். அப்போ எதுக்காக மெஷின் வாங்கினோமோ அதுவே போச்சு. எல்லா மெஷின்லயும் மினரல் இப்படித்தான் சேக்குறாங்கன்னு சொல்லல, தனியா கால்சியம் கேட்ரிட்ஜ் வெக்கறதும் உண்டு, வாங்கும்போது எதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கணும்.

வேஸ்ட் தண்ணிய நெனச்சா வயிறு எரியுது. எங்க மெஷின் ஒரு லிட்டர் குடுக்க மூணு லிட்டர் வெளிய தள்ளுது, தெனம் 15 லிட்டர் எடுத்தா 45 லிட்டர், வருஷத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல. நாங்க பக்கெட்ல புடிச்சு வீடு தொடைக்கவும் டாய்லெட்டுக்கும் ஊத்துறோம், 280 இருந்த தண்ணி அதுல 360க்கு மேல ஏறியிருக்கும், உப்புத் தண்ணி வர்ற வீட்டுல செடிக்கு ஊத்தறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

அப்புறம் டேங்க். குளோரின் பட்டா மெம்ப்ரேன் கெட்டுடும்னு முன்னாடியே கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துடுது, அதனால டேங்க்ல நிக்கிற தண்ணியில கிருமி வளராம தடுக்க குளோரின் காவலே இல்ல. எட்டு மாசம் கழிச்சு மூடிய தொறந்து உள்பக்கம் விரல் வெச்சா வழவழன்னு இருந்துச்சு, மீட்டர் அப்பவும் நல்ல நம்பர்தான் காட்டுச்சு.

அந்தக் கட்டத்த திருத்தி ஒரு தடவ போடுங்க சார். மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி தண்ணிய லேப்ல குடுத்து ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், இரும்பு, கடினத்தன்மை, ஈ கோலை (மலம் கலந்திருந்தா காட்டிக் குடுக்குற கிருமி) இதெல்லாம் பாக்கச் சொல்லுங்க, ரிப்போர்ட்ட எப்படி படிக்கறதுன்னும் போடுங்க. நாங்க ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் டெஸ்ட் பண்ணோம், எங்க தண்ணிக்கு ஆர்ஓ தேவையே இல்லன்னு வந்துச்சு.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி