தேரைகள் நடக்கும் ஆறு வாரம்

எங்கள் கிராமத்து ஊராட்சியான பாரிஷ் கவுன்சிலின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் படியைச் சென்ற வாரமே உங்கள் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டேன். கோபம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் ஜனவரிச் செய்தி மடல் கிடைத்தது. தேவாலயக் கூரைக்கு நிதி திரட்டும் கேக் விற்பனைக்கு முழுப் பக்கம். மீன் வறுவல் வண்டி வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாறியதற்கு அரைப் பக்கம். நாய்க் கழிவை அள்ளாதவர்களுக்கு வழக்கமான திட்டு (அதில் எனக்கும் உடன்பாடே). தேரைகள் கடக்கும் ஆறு வாரம் குளத்துச் சாலையை மூடச் சொல்லி நாங்கள் கேட்டதற்கு மட்டும் ஒரே வரி: “கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது.” மூன்றாவது ஆண்டாகக் குறித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிக்குள் ஓர் இரவு அங்கே வந்து பாருங்கள். தூறல் விழுந்து, குளிர் சற்றே விட்டிருக்க வேண்டும். இருட்டியதும் தேரைகள் முட்டையிடக் குளத்தைத் தேடித் தோப்பிலிருந்து இறங்கத் தொடங்கும். தவளை என்றால் நாலு தாவலில் சாலையைக் கடந்துவிடும். தேரை நடக்கும். ஓர் அடி வைத்து, நின்று, யோசித்து, அடுத்த அடி. பெண்ணின் முதுகில் ஆண் ஒன்று இறுகப் பற்றியிருந்தால் அதையும் சுமந்துகொண்டு நடக்கும். கார் விளக்கு பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள் எங்கள் ஊரில். இங்கே அது காலால் கெடுகிறது.

நாங்கள் அவற்றை வாளியில் எடுத்துச் சாலையைக் கடத்திவிடுகிறோம். சென்ற மார்ச்சில் ஓர் இரவு என் வாளியில் 17 சேர்ந்தன. அவற்றில் ஓர் ஆணைத் தூக்கியபோது ‘கீக், கீக்’ என்று முறையிட்டது. செம்பு நிறக் கண்ணில் கிடைவாக்கில் ஒரு கறுப்புக் கீற்று. குளத்தில் விட்டுத் திரும்புவதற்குள் ஒரு வேன் போயிற்று. அந்த ஓசையை எழுதப் போவதில்லை.

‘சாலைக்கு மேலே, தோப்புப் பக்கமே வேறு குளம் வெட்டினால் என்ன?’ என்று உங்களில் ஒருவர் கேட்டார். வெட்டலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்ட குளத்தைத்தான் தேரைகள் தேடிப் போகும். புதுக் குளத்தைச் சுற்றிக்கொண்டாவது பழையதற்கே வந்து சேரும். பிரிட்டனில் 30 ஆண்டுகளில் தேரைகள் 68 விழுக்காடு குறைந்துவிட்டதாக ஃபிராக்லைஃப் தொண்டு நிறுவனம் பங்கேற்ற ஆய்வு 2016இல் சொன்னது. புதுக் குளம் பழகும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை.

சாலையை மூடும் அதிகாரம் உங்களிடம் இல்லை, மேல்மட்ட நிர்வாகமான கவுண்டி கவுன்சிலிடம்தான் என்பது தெரியும். ஆனால் பாத் நகரை ஒட்டியுள்ள சார்ல்கம் லேனை 2003 முதல் ஆண்டுதோறும் சுமார் ஆறு வாரம் தேரை, தவளை போன்றவற்றுக்காகவே மூடுகிறார்கள். உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் போனால் எங்கள் சாலையையும் பரிசீலிப்பார்கள். வாளி தூக்கும் ஐந்து பேரின் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

இன்னொன்று, செலவே இல்லாதது. சாலையோரக் கல்லை ஏற முடியாமல் அதை ஒட்டியே நடக்கும் தேரைகள், மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கில் விழுந்து, வெளியேற வழியின்றிச் சாகின்றன. குழிக்குள் கம்பிவலை ஏணி ஒன்றைச் சாய்த்து வைத்தால் ஏறி வந்துவிடும். இருப்பது நான்கே குழிகள். ஏணிகளை நாங்களே செய்துகொள்கிறோம். மூடியைத் திறக்க மட்டும் அனுமதி வாங்கித் தாருங்கள்.

மார்ச் கூட்டத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். அதற்குள் பாதி கிளம்பியிருக்கும். யாராவது வருவதானால் டார்ச் என்னிடம் கூடுதலாக இருக்கிறது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
குளத்துச் சாலைவாசி ஒருத்தி