சீலிங்கைத் தொட்டுப் பார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் வீட்டு பிளானும் வந்து சேர்ந்தன. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பிளானைப் பிரித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேற்கே முழுக்கக் கண்ணாடி, மாடியில் இரண்டு ஏசி. தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்தவனாடா நீ?

என் கதையைக் கேள். மாடி எடுத்த வருஷம், கொத்தனார் பேச்சைக் கேட்டு, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போடாமல் கெமிக்கல் பூச்சோடு விட்டுவிட்டேன். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறி சீலிங்கைத் தொட்டால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பகலில் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரிதான் கக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூடுதான் கீழே இறங்கும். நம் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அடி வாங்குவது தளம்தான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு போடச் சொல்.

போன மார்ச்சில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்தேன். இப்போது ராத்திரியில் கை வைக்க முடிகிறது.

ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போனபோது, குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்தேன். அது இருக்கும் பேட்டையின் பெயரே உள்ளூர்! செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய பொத்தல் சுவர்கள். அதன் ஓரம் பத்து நிமிஷம் நின்றேன். கழுத்து வியர்வை காய்ந்துவிட்டது. ஈரக்காற்றுள்ள ஊரில் காற்று ஓடினால்தானே உடம்பு ஆறும்? அவர் பரப்பிய 'எலிப்பொறி' கட்டுமுறையில் செங்கலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நடுவே பொந்து விடுவார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் கால்வாசிச் செங்கல் மிச்சம். பொந்துக் காற்று சூட்டையும் தடுக்கும். என் கொத்தனாரிடம் சொன்னேன், "எலிக்கு வீடா சார்?" என்று சிரிக்கிறார். பொத்தல் சுவர் வைத்தால் கொசுவலை அடித்துவிடு. நம் ஊர்க் கொசு பேக்கருக்கெல்லாம் அடங்காது.

காண்டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி இங்கே வந்து படு. பிளானை மறக்காமல் எடுத்து வா. பென்சிலும் ரப்பரும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ராசு