எங்களோடு மேடையேறிய எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

நிகழ்த்துகலைப் படிப்பின் இறுதியாண்டுப் பணியாக நாங்கள் தொடங்கிய சமூக அரங்க நிகழ்வுகள் நல்லபடியாக நிறைவேறிவிட்டன. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற நன்றி இல்லை இது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தங்கள் கதையை எங்களிடம் கொடுத்தவர்களுக்கு. பிளேபேக் தியேட்டர் என்ற முறையை 1975இல் அமெரிக்காவில் ஜொனாதன் ஃபாக்ஸும் ஜோ சலாஸும் தொடங்கினார்கள். அதில் எழுதிவைத்த நாடகம் கிடையாது. பார்வையாளர்களில் ஒருவர் மேடையோரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். தன் பாத்திரத்தை யார் ஏற்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். உடனே, ஒத்திகை எதுவும் இல்லாமல், நடிகர்கள் அதை அவர் கண்முன் நடித்துக் காட்ட வேண்டும். வகுப்பில் இதைப் பலமுறை பழகியிருக்கிறோம். ஆனால் நாங்கள் நிகழ்வு நடத்திய பகுதியில் பல தலைமுறையாக வாழ்பவர்கள் ஒரு பக்கம், பிழைப்புக்காக அண்மையில் வந்து குடியேறியவர்கள் மறுபக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில், யார் முதலில் எழுந்து வருவார்?

ஒரு வயதான அம்மா வந்தார். கல்யாணமாகி அந்தப் பகுதிக்கு வந்த புதிதில் மாதக்கணக்கில் யாரும் தன்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை என்று சொன்னார். தன் வேடத்துக்கு, எங்கள் குழுவில் சேர்ந்திருந்த, புதிதாகக் குடியேறியவர்களில் ஒருவரான இளைஞரைக் கை காட்டினார். அவருக்கு அந்த அம்மாவின் மொழி அரைகுறையாகத்தான் தெரியும். அவர் வசனமே பேசவில்லை. ஒரு துணியை இழுத்துக் கதவாகப் பிடித்துக்கொண்டார். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார், ஆள் கடந்து போனதும் துணியை நேராக்கினார், மறுபடி எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் காட்சி. முடிந்ததும் அம்மா கேட்டார்: “நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைச் சொல்லவே இல்லையே தம்பி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” தானும் இங்கு வந்த நாளில் அப்படித்தான் நின்றதாக அவர் தன் மொழியில் பதில் சொல்ல, மொழிபெயர்த்தவரின் குரல் தழுதழுத்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் உயர்ந்தன. அம்மா, உங்களுக்கு நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

மொழிபெயர்த்த அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சொற்களை மட்டுமல்ல, ஒருவர் தயங்கியதையும் தயக்கமாகவே கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

பார்வையாளரே மேடையேறி, காட்சியில் உள்ள சிக்கலுக்குத் தன் வழியை நடித்துப் பார்க்கும் விவாத அரங்கை எங்களுக்குக் கற்றுத்தந்த ஆசிரியருக்கு அடுத்த நன்றி. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1973இல் பெருவில் எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, பார்வையாளர்களில் ஒரு பெண், தான் சொன்ன யோசனையை நடிகர்கள் சரியாக நடிக்கவில்லை என்று பொறுமையிழக்க, அவரையே மேடைக்கு அழைத்தார். இந்த அரங்கு பிறந்த கதையாகப் போவால் சொன்னது அது. எங்கள் காட்சி, விளையாட்டுத் திடலை யார் வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்துவது என்ற தகராறு. “அப்படிப் பேசினா யார் சார் கேப்பாங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். வந்து நடித்துக் காட்டுங்கள் என்றோம், வந்தார். அவருடைய வழியும் பலிக்கவில்லை. இன்னொருவர் எழுந்தார். எந்தத் தீர்வையும் நாங்கள் முன்வைக்கவில்லை. பார்வையாளரின் கேள்விக்கு நடத்துபவர் விடை சொல்லிவிடக் கூடாது என்று ஆசிரியர் வகுப்புக்கு வகுப்பு வலியுறுத்தியதன் பயன் அன்று புரிந்தது. சமூக அரங்கில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வகுப்புத் தோழர்களே, உங்களுக்கும் நன்றி. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த விமர்சன முறையை ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் பொறுமையாகப் பின்பற்றினீர்கள். முதலில் மனதில் நின்றது எது என்று சொல்வது, பிறகு படைத்தவர் கேள்வி கேட்பது, பிறகு பார்த்தவர்கள் தங்கள் கருத்தைத் திணிக்காமல் கேட்பது, கடைசியில் மட்டும், அதுவும் அனுமதி பெற்று, கருத்தைச் சொல்வது. களைப்பான இரவுகளில்கூட இந்த வரிசையை நீங்கள் மாற்றவில்லை. நம் குழு உடையாமல் இருந்ததற்கு அது பெரிய காரணம்.

கூடத்தைத் திறந்துவிட்ட காவலர் ஐயா, விளக்கும் ஒலியும் பார்த்துக்கொண்ட தம்பிகள், பெரியவர்கள் நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட தோழியர், வீட்டில் எங்கள் அகால நேரங்களைச் சகித்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

திடலை மாலையில் முறைவைத்துப் பயன்படுத்தும் பேச்சை இப்போது இரு தரப்பினரும் தாங்களே நடத்துகிறார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கதை சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சம்மதமில்லாமல் எந்தக் காணொளியையும் வெளியிட மாட்டோம். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவோம். நெறியாள்கை கற்றுக்கொள்ள ஆர்வம் இருப்பதாகச் சொன்னவர்கள் அடுத்த ஒத்திகைக்கு அவசியம் வாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
குழுவின் சார்பில் உங்களில் ஒருத்தி